காற்றின் கண்

மார்ச் 3
அகராதி வேலையில் இன்று 'விண்டோ'. 'ஜன்னல்' என்று போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். முடியவில்லை. ஆங்கிலத்துக்கு அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் 'காற்றின் கண்' என்று பொருள். நம் பழந்தமிழில் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இப்போது நாம் சொல்லும் ஜன்னலோ போர்த்துகீசியர் விட்டுப்போனது!

ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கும் மாமனாரிடம் சொன்னேன். "அவங்களுக்குக் கண்ணு..." மூச்சு வாங்கினார். "நமக்கு வழியா?"

மார்ச் 6
பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் மாடிக்குச் சமமாக மாடி எடுக்கிறார். மாமனாரின் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவர். நியாயமா இது?

மார்ச் 7
பேசிவிட்டு வருகிறேன் என்று போன கணவர் காபி குடித்துவிட்டு வந்தார். "அவரு இடம், அவரு கட்டுறாரு."

வந்த ஆத்திரத்துக்கு— வேண்டாம்.

மார்ச் 11
சுவர் ஜன்னலைத் தாண்டிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாமனார் உட்கார்ந்தே தூங்குகிறார். "காத்தோட்டமான ரூமுக்கு மாத்துங்க" என்றார் டாக்டர்.

எந்த ரூம்? காற்று வரும் இன்னொரு ஜன்னல் என் மேசைக்கு மேலேதான் இருக்கிறது. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, எல்லோரும் அந்த அறையையே பார்க்கிறார்கள். வருஷக்கணக்காகச் சமையலறை மூலையில் உட்கார்ந்து எழுதிய பிறகு கிடைத்த அறை. கொடுக்க மனசு வரல. ஆமா, வரல. என்ன இப்போ?

மார்ச் 12
பதிப்பாசிரியர் 'விண்டோ'வின் சொல் மூலத்தைப் பற்றிய வரியை அடித்துவிட்டார். "பிள்ளைங்க அகராதிக்கு இந்தக் கதையெல்லாம் எதுக்கும்மா?" அவர் விட்டுவைத்த அர்த்தங்களில் கம்ப்யூட்டர் திரையில் திறப்பது இருக்கிறது, டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. காற்று மட்டும் இல்லை.

மார்ச் 14
கட்டிலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைக் கணவர். "உனக்கு?" என்றார். வாயைத் திறந்தால் சண்டைதான். கட்டிலை என் அறைப் பக்கம் இழுத்தேன்.

மார்ச் 17
பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு, எதிரே செங்கலைப் பார்த்தபடி எழுதுகிறேன். அடித்த வரியை மறுபடி சேர்த்து அனுப்பிவிட்டேன். வேண்டுமானால் இன்னொரு முறை அடிக்கட்டும்.

என் பழைய அறையிலிருந்து மாமனாரின் குரல்: "அம்மா, இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திட்டுப் போறியா, காத்து தாங்க முடியல!"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். இத்தனையையும் நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லியிருக்கிறார் என்பது அறை வாசலுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

பாதிதான் சாத்தினேன்.