பியூலாவின் அமைதி வேளை

1979 ஜூன் 11
பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மே மாதச் சபைக் கூடுகையில் கேட்டுவந்ததை அவர் இன்று வீட்டில் ஆரம்பித்துவிட்டார். காலையில் பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில், படவேதாகமத்தோடு, தனியாகக் கொஞ்ச நேரம் ஆண்டவரோடு இருக்க வேண்டும். இதற்குப் பெயர் அமைதி வேளையாம். பேசக் கூடாது. நாங்களும் கூப்பிடக் கூடாது. ரூபனுக்கு நாலு வயது. கூடத்து மூலையில் உட்காரவைத்ததும் சுருண்டு தூங்கிவிட்டான். பியூலாவுக்கு ஆறு. சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் இருந்தாள். "பாத்தியா ரஞ்சிதம், இவளுக்கு ஆண்டவரோட அழைப்பு இருக்கு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 24, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பியூலாவைப் பற்றிச் சொன்னார். போதகர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். வழியெல்லாம் இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ஜூலை 9
நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கண் திறந்திருந்தது, இமை மட்டும் லேசாகத் துடித்தது. தோளைத் தொடப் போனேன், அதற்குள் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டி, "எப்பம்மா வந்தீங்க?" என்கிறாள்.
அவரிடம் சொன்னேன். "ஜெபத்துல இருந்திருப்பா. நீ ஏன் உள்ள போன?"

ஜூலை 17
இட்லி வாயில் இருக்கும்போதே அப்படி நின்றுபோனாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மென்றாள். இது எந்த ஜெபம்?

ஜூலை 18
இன்றும். இரண்டு தடவை.

ஜூலை 26
பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் தண்ணீர் பிடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "கூப்ட்டா திரும்பக்கூட மாட்டேங்குதும்மா பொண்ணு. காத்து கீத்து பட்டிருக்கும். எங்க கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தர் மந்திரிப்பாரு, கயிறு கட்டிடலாம்." வேண்டாம் என்றேன். ஆனாலும் நாள் முழுக்க அந்தப் பேச்சு மனசிலேயே நிற்கிறது.

சாயங்காலம் அவர் பியூலாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஆண்டவர் உன்கிட்ட என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம், "நல்லா படிக்கச் சொன்னாரு" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.
ஜடை பின்னும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஒண்ணும் சொல்லலம்மா. நடுவுல கொஞ்சம் காணாமப் போயிடுது. அப்பாகிட்ட சொல்லாதீங்க, பாவம்."
காணாமல் போவது என்ன? நேரமா? இவளா?

ஆகஸ்ட் 3
சொல்வது எழுதுதலில் நடுநடுவே வார்த்தைகளை விட்டுவிடுகிறாளாம். கவனமில்லை என்று டீச்சர் பெஞ்சு மேல் நிற்கவைத்திருக்கிறார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா என்று அவரிடம் கேட்டேன்.
"ஆண்டவரோட காரியத்தை டாக்டர்கிட்ட காட்டுவாங்களா?"
"அவ பேசறதே கம்மியாயிடுச்சுங்க. நீங்க பாக்கலையா?"
"அமைதியா இருக்கிறது ஒரு வியாதியா?"
கல்யாணமாகி இதுவரை இப்படி அவர் குரல் உயர்ந்ததில்லை. இனி சாயங்காலமும் பியூலா தனியாக உட்கார வேண்டுமாம். கதவுக்கு வெளியே நின்று காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. திறக்கக் கை போயிற்று. திறக்கவில்லை நான். ஏன் திறக்கவில்லை?

ஆகஸ்ட் 11, சனி
அவளுக்குச் செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். அவர் சட்டையெல்லாம் சேறு. அவள் முழங்கை சிராய்ந்திருந்தது. செருப்பு வாங்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.
"கையை விட்டுட்டு நடுரோட்டுல நின்னுட்டா. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் கத்தறேன். என்னைத்தான் பாத்துட்டு இருந்தா, ரஞ்சிதம். என்னைப் பாத்துட்டு... நான் யாருன்னே அவளுக்குத் தெரியல. பாஞ்சு இழுத்தேன்."
அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போயிடலாம்" என்றார்.

ஆகஸ்ட் 14
நேற்று வேலூர். டாக்டரம்மா ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, "ஊது கண்ணு, நிறுத்தாம ஊது" என்றார். பியூலா சிரித்துக்கொண்டே ஊதினாள். திடீரென்று ஊதுவது நின்றது. அதே கண். அதே இமை. காற்றாடி மட்டும் இன்னும் கொஞ்சம் சுற்றியது.
"இதுவும் வலிப்புதாங்க. கை கால் இழுக்காது, அதனால யாருக்கும் தெரியாது" என்றார் டாக்டரம்மா.
"தனியா உக்காரவெச்சதால வந்துதா?" இவர் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.
"இல்லைங்க. ஆனா இனிமே தனியா விடாதீங்க. தண்ணிகிட்ட, நெருப்புகிட்ட, ரோட்டுல."
பஸ்ஸில் வந்த வழியெல்லாம் தூங்கும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

செப்டம்பர் 20
மாத்திரை கேட்கிறது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. முந்தாநாள் அடுப்படி வாசலில் ஒருமுறை வந்தது. நல்லவேளை, பக்கத்தில் இருந்தேன். பெரியவளானால் சரியாகலாம் என்றார் டாக்டரம்மா. ஆகிவிடும் என்று சொல்லவில்லை.

நவம்பர் 28
ஊர் முழுக்க கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம். பிள்ளைகளை வெளியே விடவில்லை. சின்ன அறையில் இப்போது அரிசி மூட்டை கிடக்கிறது. சாயங்காலம் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஜெபத்தின் நடுவே பியூலாவும் ரூபனும் பாய்க்குச் சண்டை போட்டார்கள். கிள்ளினான், அவளும் கிள்ளினாள். அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவள் சத்தம் அடங்கியது. மறுபடியுமா என்று தலையை நிமிர்த்திப் பார்த்தேன். சும்மாதான், பாயை இழுத்து உட்கார்ந்துகொண்டிருந்தாள்.
அவரும் கண்ணை மூடியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தார், ஆமென் சொல்லும் வரைக்கும்.