பூர்வீகமே மலையாளிங்கதானுங்க

13 செப்டம்பர் 1987, ஞாயிறு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு

நர்ஸ் டிரெய்னிங் இன்டர்வியூ எனக்கு. ஊர் சுற்றக் கிளம்பியதோ மூன்று பேர். "காலையில இன்டர்வியூ, மத்தியானத்துலேர்ந்து பட்டணம் பாக்கறோம்" என்று மலையை விட்டு இறங்கும்போதே அப்பா திட்டம் போட்டுவிட்டார். அம்மா கள்ளக்குறிச்சியைத் தாண்டியதே இல்லை. இப்போதே வாந்தி.

14, திங்கள். மெட்ராஸ்

இன்டர்வியூவில் என் மார்க்கைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். நல்ல சிரிப்பு. அடுத்த மேசையில் கிளார்க் ஜாதிச் சான்றிதழை எடுத்தார்.

"மலையாளியா?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

"பூர்வீகமே அதுதானா?"

"ஏழு தலைமுறையா மலையாளிங்கதானுங்க!" அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. கிளார்க் சிவப்பு மையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

பிறகு பீச். "இவ்ளோ தண்ணி இருந்துக்கினு ஒரு சொம்பு குடிக்க ஆவாதா?" என்று அம்மா கடலைக் கோபித்துக்கொண்டாள். மாடி பஸ்ஸில் அப்பா மேலேயிருந்து இறங்கவே மாட்டேன் என்றார். கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பினோம். அவர் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் டீக்கடையில் "யாரு நீங்க, எந்த ஊரு?" என்றார் கடைக்காரர். "மலையாளிங்க" என்றார் அப்பா. கடைக்காரர் முகம் மலர்ந்து வேறு பாஷையில் மளமளவென்று பேசினார். அப்பா பேந்தப் பேந்த விழித்தார். "நாங்க கல்ராயன்மலை ஆளுங்க... மலையை ஆளறவங்க, மலையாளிங்க."

"அப்ப கேரளா இல்லையா?"

டீ கிளாஸை அப்படியே வைத்தேன். ஐயோ, அந்தச் சிவப்பு மை. ஓடினோம். ஆபீஸ் பூட்டியிருந்தது.

நான் பிளஸ் டூ படித்தவள். கேரளா எது, நாங்க எதுன்னு எனக்குத் தெரியாதா? ஏன் வாயைத் திறக்கல? மரம் மாதிரி நின்னுக்கினு கையெழுத்து வேற!

15, செவ்வாய்

"வெளிமாநிலம்னு எழுதியிருக்கு, நீயே கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா. தாசில்தார்கிட்ட லெட்டர் வாங்கி சனிக்கிழமைக்குள்ள நேர்ல குடு." கிளார்க் கெட்டவர் இல்லை.

அம்மாவுக்கு மிருகக்காட்சி சாலை பார்க்க ஆசை. அதைப் பார்க்காமலே ஊருக்கு பஸ் ஏறினோம்.

16, புதன். கள்ளக்குறிச்சி

லெட்டர் கிடைத்துவிட்டது! "தமிழ்நாட்டு மலைவாழ் பழங்குடி." சீல் தெளிவாக விழுந்திருக்கிறது.

17, வியாழன்

பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியலாம். மெட்ராஸ் ஆபீசுக்குத் தந்தி கொடுத்தோம். தந்தியில் சீல் போகுமா?

18, வெள்ளி

அப்பாவும் நானும் மெட்ராஸ் ரோட்டில் நடந்தோம். தியாகதுருகம் தாண்டி ரோட்டின் குறுக்கே புளியமரம். கோடாலியோடு ஒருவர்.

"எம் பொண்ணு படிப்புங்க. வழி வுடுங்க" என்று அப்பா கை கூப்பினார்.

"எங்க புள்ளைங்க படிப்புக்குத்தான் பெரியவரே நாங்களும் வெட்டிக்கினு கீறோம். அப்பால இதைவிட ஜாஸ்தி மரம். எங்க போவீங்க?" குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அவர்கள் கேட்பதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். திட்டக்கூட ஆளில்லை எனக்கு.

19, சனி

ஒன்றுமில்லை.

25, வெள்ளி. மெட்ராஸ்

லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது. இரண்டு முறை படித்தேன். சந்திரலேகா என்ற என் பேர் இல்லை. லெட்டரை வாங்கிப் பார்த்த கிளார்க், "கரெக்டாதான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அப்பா, "என் வாயாலயே கெடுத்தேன்" என்றார். இல்லைப்பா என்று சொல்லியிருக்க வேண்டும்.

2 நவம்பர்

விடிந்தால் ஏன் விடிந்தது என்றிருக்கிறது. சாமை இந்த வருஷம் பதர்.

21 ஜனவரி 1988. வயநாடு

மேஸ்திரி கூட்டி வந்த முப்பது பேரில் நாங்களும். மிளகுத் தோட்டம். பேர் எழுதுகிறவர் எங்களைத் "தமிழாளுங்க" என்று ஒரே கட்டாக எழுதிக்கொண்டார். இங்கே மலையாளி என்றால் முதலாளி.

அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கொடி உயரம் ஜாஸ்தி. அவர் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார், நான் ஏறுகிறேன்.