முடிச்சுக்கு விட்ட சாண்

றிஸ்லா,

உங்கள் கணக்குச் சரி. சூத்திரத்தின் 143ஐ எங்கள் படகு கதைக்கும் 156.5 மெகாஹேட்ஸால் பிரித்தால் வீட்டு அன்டெனாக் கம்பி 91 சென்றிமீற்றர், பக்கத்துக்கு நாற்பத்தைந்தரை. விடிய எழும்பி இறக்கி அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட. கயிறு வெட்டும்போது முடிச்சுக்கு ஒரு சாண் விடுவேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் கம்பியையும் வெட்டியிருக்கிறேன். போன முறை நான் கடலில் நின்ற மூன்று நாளும் என் குரல் கேட்காமல் நீங்கள் சோறு தின்னாமல் இருந்தது அதனால்தான்.

“டீச்சர்ட கணக்கு கொப்பிக்குள்ளதான் சரிவரும்” என்று நேற்றுச் சொன்னேன். “அப்ப அளந்து காட்டுங்களன்” என்றீர்கள். நான் அளக்காமல் வெளியே போய்விட்டேன்.

இப்போது சரியாக வெட்டிக் கூரையில் கட்டியிருக்கிறேன். குசினியில் மீன் பொரித்து மூடி வைத்திருக்கிறேன். அலுமாரியைப் பூட்டித் திறப்பை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு ரேடியோவைப் போடுங்கள். படகில் இருந்து மன்னிப்பை அதில் கேட்கிறேன்.

முனீப்

பி.கு.: மற்றப் படகுகளுக்கும் கேட்கும். கேட்கட்டும்.

வீட்டு ரேடியோவில் கேட்க மட்டும்தான் முடியும். நீங்கள் திருப்பி ஏச ஏலாது. சேர்த்து வையுங்கள். வியாழன் வந்து கேட்கிறேன்.