புதிதாய் வந்தவளுக்கு

786

தாராவி, பம்பாய்
10.6.1964

அன்புள்ள ரஷீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அண்ணன், அக்தர் பானு மைனி, பிள்ளைகள் எல்லாரும் அல்லாஹ் உதவியால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். மேலப்பாளையம் போய்ப் பத்து மாதம் ஆகிறது. உடம்பு எப்படி என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். 'தேறி வருகிறது' என்று ஒரே வரிதான் வருகிறது.

மழை பிடித்துவிட்டது. சயான் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ரயிலுக்கு ஓடுகிறேன்.

ஆபீஸ் சேதி ஒன்று சொல்ல வேண்டும். யுனிவர்சிட்டியில் இந்த வருஷம் பரீட்சைப் பிரிவுக்குப் பதினான்கு பேரைப் புதிதாக எடுக்கிறார்கள். போன வருஷம் எடுத்தவர்களில் பாதிப் பேர் இரண்டே மாதத்தில் ஓடிவிட்டார்கள். நேற்று சூப்பரின்டெண்டென்ட் வெங்கடராமன் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாதுங்காக்காரர், தமிழில்தான் பேசுவார்.

"ஏம்ப்பா ஜெயினுலாப்தீன், புதுசா வரவாளையெல்லாம் நீ வாசல்லேயே பிடிச்சு அழைச்சுண்டு வந்து உட்கார வைக்கறியாமே. யார் சொல்லிச் செய்யறே?" என்றார்.

பியூனுக்கு எதற்கு இந்த வேலை என்று திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "யாரும் சொல்லல சார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மஸ்டர்ல கையெழுத்துப் போடணும்னு ஒருத்தரும் சொல்லல. அந்த ஒரு நாள் இன்னும் ஆப்சென்டுன்னுதான் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சரி, இனிமே அதுவும் உன் டியூட்டின்னு வச்சுக்கோ" என்றார். ஆகவே திங்கட்கிழமையிலிருந்து புது ஆட்கள் பதினான்கு பேரும் என் பொறுப்பு. யார் மேஜை எது, எந்த அதிகாரியிடம் காலையில் போகக் கூடாது, கேன்டீனில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும் என்பதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாமா அண்ணனுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ரபியுல் அவ்வல் மாதம் முடிவதற்குள் நான் ஊரோடு வந்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் ஜமாத்தில் வைத்துப் பேசிக்கொள்ளலாமாம். நீ சொல்லி எழுதினாரா? இந்த வேலையை விட்டுவிட்டு ஊரில் வந்து நான் என்ன செய்வேன் என்று நீயாவது யோசித்துப் பார்.

ஜெயினுலாப்தீன்


786

மேலப்பாளையம்
18.6.1964

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். வாப்பா, உம்மா, தம்பி கரீம் எல்லாரும் நல்லாயிருக்காங்க. என் உடம்புக்கு ஒண்ணுமில்ல.

வாப்பா எழுதின கடிதத்தை நான் எழுதச் சொல்லல. எழுத வேண்டாம்னும் சொல்லல.

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். ஆபீஸ் சேதி ஒரு பக்கத்துக்கு மேல இருந்துச்சு. என்னைப் பத்தி அஞ்சாறு வரி இருந்துச்சு, அதுல ரெண்டு வரி மழை. உங்களைக் குத்தம் சொல்றதா நினைக்க வேண்டாம். அந்தப் பதினாலு பேரும் கொடுத்து வச்சவங்க.

அக்தர் பானு அக்காவுக்கு என் சலாம் சொல்லுங்க.

ரஷீதா


786

தாராவி, பம்பாய்
2.7.1964

அன்புள்ள ரஷீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. தெரியாததை எழுதிக் குழப்புவதைவிட இங்கே நடந்ததை எழுதுகிறேன், படி.

புதிதாக வந்தவர்களில் ராஜலக்ஷ்மி என்று ஒரு டைப்பிஸ்ட் பெண். பத்தொன்பது வயதிருக்கும். டோம்பிவிலியில் வீடு. காலை ஏழு மணிக்கு ரயில் ஏறினால் திரும்ப வீடு சேர ராத்திரி எட்டு ஆகும். கெட்டிக்காரப் பெண், விரல் மெஷின்மேல் ஓடும். ஆனால் நான் டீ கொண்டுபோனால் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டும். தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம். மூன்றாம் நாளே இதைக் கவனித்துவிட்டேன். சாதி ஆசாரமாக இருக்கும், நாம் கொடுத்தால் குடிக்கமாட்டார்கள் போல என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்து, சூப்பரின்டெண்டென்டிடம் சேர்த்துவிடச் சொல்லிற்று. ராஜினாமா. முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. நான் காகிதத்தைக் கொண்டுபோகவில்லை. பெருக்குகிற சாந்தாபாயிடம் போய், "நீ கொஞ்சம் பேசிப் பார், ஆம்பிளை நான் கேட்கக் கூடாது" என்றேன்.

சாந்தாபாய் திரும்பி வந்து என்னைத்தான் திட்டினாள். "எல்லாத்தையும் காட்டினியே, பொம்பளைங்க கக்கூஸ் எங்கேன்னு சொன்னியா?" என்றாள். அது பின் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறது. சாவி ஹெட் கிளார்க் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இருபது ஆண்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் போய் அந்தப் பெண் சாவியைக் கேட்க வேண்டும். கேட்க முடியாமல், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பத்து நாள் வேலை பார்த்திருக்கிறது.

சாரிடம் போய்ச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்கும் பொண் இருக்கா. இது எனக்குத் தோணவே இல்லியே" என்றார். அன்றைக்கே சாவி டைப்பிஸ்டுகள் அறைக்கு வந்துவிட்டது. ராஜினாமாவை நான் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வரேளா?" என்றது. இனிமேல் பெண்கள் யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாள் சாந்தாபாய் கூடவே போய்க் காட்டுவாள் என்று ஏற்பாடு.

என்னால் ஒரு பெண்ணின் வேலை நிலைத்தது என்று மனது நிறைந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

ஜெயினுலாப்தீன்


786

மேலப்பாளையம்
9.7.1964

அன்புள்ள மச்சானுக்கு,

உங்க கடிதம் திங்கட்கிழமை வந்துச்சு. படிச்சிட்டு உள்ளே போய் அழுதேன். உம்மா பயந்துட்டாங்க.

மச்சான், அந்தப் பொண்ணு டீ வேண்டாம்னு சொன்னதை மூணாம் நாள் கவனிச்சீங்க. நான் நாலு மாசம் சொன்னேன்.

தாராவிக்கு வந்த மறுநாள் காலையில அக்கா குழாயடிக்குப் போயிருந்தாங்க. நீங்க ஆபீசுக்குப் போயாச்சு. நான் தண்ணி டப்பாவை எடுத்துக்கிட்டு, கக்கூசுக்கு எல்லாரும் போற பக்கம்தானேன்னு போனேன். அது ஆம்பளைங்க பக்கம். கதவு இல்லாத ஒரு இடத்துல போய் நின்னுட்டேன். ஒருத்தன் இந்தியில என்னமோ கத்தினான். அவன் சொன்னது எனக்குப் புரியல. சுத்தி நின்னவங்க சிரிச்சது புரிஞ்சுது. டப்பாவைக் கீழே போட்டுட்டு ஓடி வந்தேன்.

அதுக்கப்புறம் வெளிச்சத்துல நான் போனதே இல்ல. இருட்டோட ஒரு தடவை, அவ்வளவுதான். பகல் முழுக்கத் தண்ணி குடிக்க மாட்டேன், சோறும் பாதிதான். அக்கா டீ போட்டா வேண்டாம்னுடுவேன். நீங்க உங்க அண்ணன்கிட்ட, "நம்ம ரஷீதாவுக்கு டீ கூட வேண்டாம், சிக்கனக்காரி" ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எனக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தப்போ டாக்டர்கிட்ட, பம்பாய்த் தண்ணி இவளுக்கு ஒத்துக்கலன்னு நீங்களே சொன்னீங்க. பம்பாய்த் தண்ணியை நான் எங்கே குடிச்சேன்.

அக்கா மேல எனக்கு வருத்தமில்ல. அவங்க கைக்குழந்தையோட ஓடிக்கிட்டிருந்தாங்க. நான் வாயைத் திறந்து கேட்கல, அதுவும் நிஜம். ஆனா முன்பின் தெரியாத பதினாலு பேருக்கு வாசல்ல நின்னு வழி காட்டுற மனுஷன், என்னை மட்டும் ஒரு மூலையில உட்கார வச்சிட்டுப் போயிட்டாரேன்னுதான் ஊருக்கு வந்தப்புறமும் நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. வாப்பாவுக்கும் தெரியாது. நான் இனி பம்பாய்க்கு வர மாட்டேன்னு மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ரஷீதா


786

பம்பாய்
15.7.1964

அன்புள்ள ரஷீதாவுக்கு,

ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் வைத்து எழுத முடியவில்லை.

'அப்போதே ஏன் என்னிடம் சொல்லவில்லை' என்று மேலே எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார். அது நான் கேட்கக் கூடிய கேள்வி இல்லை. நான் எதை எழுதினாலும் சாக்குப்போக்குப் போலத்தான் இருக்கிறது. சிக்கனக்காரி என்று சொன்னேனே, அந்தச் சொல் காதுக்குள்ளேயே நிற்கிறது.

உன்னை நான் புது ஆளாக நினைக்கவே இல்லை ரஷீதா. என் பெண்டாட்டி, என் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளுக்கு என்ன சொல்லித் தர வேண்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு இது பத்து வருஷம் பழகிய இடம். உனக்கு ஒரு நாள்.

இனி நான் எதையும் நானாக முடிவு செய்யப்போவதில்லை. தனியாக ரூம் பார்க்கட்டுமா? பார்த்தால் அது எப்படி இருக்க வேண்டும்? மைனியிடம் இதைச் சொல்லலாமா, வேண்டாமா? பம்பாயே வேண்டாம் என்றால் அதையும் எழுது. நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். போன மாதம் இப்படி எழுதியிருக்க மாட்டேன். இப்போது நிஜமாகவே எழுதுகிறேன்.

உன்
ஜெயினுலாப்தீன்


786

மேலப்பாளையம்
21.7.1964

அன்புள்ள மச்சானுக்கு,

வேலையை விட வேண்டாம். உங்களுக்குப் பிடிச்ச வேலை அது. விட்டுட்டு வந்து இங்கே முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா நான் என்ன செய்ய?

ரூம் பெரிசா வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். குளிக்க ஒரு மறைப்பு. கக்கூஸ் வீட்டு வாசல்ல நின்னா கண்ணுக்குத் தெரியற தூரத்துல, பொம்பளைங்களுக்குன்னு தனியா, கதவோட இருக்கணும். அக்காகிட்ட சொல்லுங்க, எனக்கு வெட்கமில்ல. ரூம் பார்க்கப் போனா அவங்களைக் கூட்டிட்டுப் போங்க, நீங்க தனியாப் போக வேண்டாம். உங்க கண்ணுக்கு அதெல்லாம் படாது.

வர்றேன்னு இன்னும் சொல்லல. கேட்டதுக்குப் பதில் எழுதியிருக்கேன்.

ரஷீதா


786

தாராவி, பம்பாய்
2.8.1964

அன்புள்ள ரஷீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், இரண்டிலேயே கிடைத்துவிட்டது. சுனாபட்டியில் ஒரு சாலில், வரிசையாக அறைகள் உள்ள கட்டடத்தில், கீழ்த்தளத்து அறை. ஆறு குடும்பம், அதில் நாலு நம் தமிழ் ஆட்கள். மைனிதான் முதலில் உள்ளே போனாள். நான் கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கக்கூஸ் கதவைத் திறந்து மூடித் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு, "திருகு லூசா இருக்கு, இதை முதல்ல மாத்தச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் எங்கள் முன்னாலேயே மாற்றிக் கொடுத்தார். பெண்களுக்குத் தனியாக இரண்டு இருக்கிறது. வாசலில் நின்றால் தெரிகிறது, நான் நின்று பார்த்தேன். அறைக்குள் தடுப்புச் சுவரோடு குளிக்க மோரி உண்டு. தண்ணீர் காலை ஐந்தரைக்கு வந்து ஏழுக்கு நின்றுவிடும். பக்கத்து வீட்டு கோமதியம்மாள் கடையநல்லூர்க்காரி. நீ வந்தால் கூடவே வந்து எல்லாம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். மழைக்கு ஒரு மூலையில் ஒழுகுகிறது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இனி மைனி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

ரஷீதா, உன் மச்சான் எல்லாத்தையும் சொன்னாரு. நீ டப்பா இல்லாம ஓடி வந்த அன்னைக்கு குழாயடியிலிருந்து நான் பார்த்தேன்டி. என்ன ஏதுன்னு கேட்டிருக்கணும். நான் வந்த புதுசுல எனக்கும் இதே கதிதான். ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒருத்தரும் சொல்லல, அதனால இது சொல்ற விஷயமே இல்ல, எல்லாரும் பட்டுத்தான் பழகணும்னு இருந்துட்டேன். என்னை மன்னிச்சுக்கோ. நீ தனியாப் போறது எனக்கு வருத்தமில்ல. ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இங்கே வரணும்.

இவ்வளவுதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அறையை இந்த மாதம் பதினைந்தாம் தேதி வரைக்கும் எனக்காக வைத்திருப்பார்கள். உன் பதில் எதுவானாலும் சரி.

உன்
ஜெயினுலாப்தீன்


786

மேலப்பாளையம்
9.8.1964

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா சொன்ன கெடு நேத்தோட முடிஞ்சுது. போன வியாழக்கிழமை தபால்காரர் உங்க கடிதத்தை வாப்பா கையில கொடுத்துட்டார். அவர் பிரிச்சுப் படிச்சுட்டார். படிச்சவர் தறியில உட்காராம ரொம்ப நேரம் வாசல்லயே நின்னார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இதுதானாம்மா?" ன்னு கேட்டார். ஆமான்னேன். "நான் ஜமாத் வரைக்கும் போகப் பார்த்தேனே, நானும் உன்னைக் கேட்கலியே" ன்னார்.

அன்னைக்குச் சாயங்காலம் அடுத்த தெரு நூர் நிஷா வந்தா. அவளுக்குத் தாராவி மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்காங்க, தோல் கிடங்குல வேலையாம். "லாத்தா, பம்பாய் எப்படி இருக்கும்?" ன்னு கேட்டா. இதுக்கு முன்னால யார் கேட்டாலும் நல்லாருக்கும்னு சொல்லி அனுப்பிச்சுடுவேன். அவளை உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். கக்கூஸ் எப்படி, எந்தப் பக்கம் போகணும், குழாய் எப்போ வரும், போன அன்னைக்கே வீட்டுப் பொம்பளைங்க யாரையாவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லணும், வெட்கப்படக் கூடாது, தாகமெடுத்தா தண்ணி குடிக்கணும். அவ கண்ணை அகட்டிக்கிட்டுக் கேட்டா. பம்பாய் மழையைப் பத்திக் கேட்டப்போ, "எங்க ஊர்ல ஆனியில பிடிச்சா புரட்டாசி வரைக்கும் விடாது" ன்னு சொல்லிட்டேன்.

தறியிலிருந்து வாப்பா திரும்பி, "எந்த ஊர்ல?" ன்னார்.

உம்மா அடுப்படியில சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. மறுநாள் வாப்பாவே ஜங்ஷனுக்குப் போய் ரெண்டு டிக்கெட் எடுத்துட்டு வந்தார்.

ரூமை எடுத்துடுங்க. கரீம் துணைக்கு வர்றான். 23-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை தாதர்ல இறங்குறோம். ஒழுகுற மூலையில ஏனம் ஏதாவது வச்சுக்கலாம். அக்காவை இப்பவே அழ வேண்டாம்னு சொல்லுங்க.

நூர் நிஷா இன்னும் ரெண்டு மாசத்துல வந்துருவா. ஸ்டேஷனுக்கு நான் வர்றேன்னு அவகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். சுனாபட்டியிலிருந்து தாதருக்குத் தனியா எப்படிப் போறது, எங்கே ரயில் மாறணும்னு எனக்குக் கத்துக் கொடுத்துடுங்க.

உங்கள்
ரஷீதா