வாலுக்குள்ள இருக்கிற மூண்டு ரிவெட்

தாராபுரம்,
மன்னார்.
புதன்கிழமை.

என்ட மகன் சியாமுக்கு உம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்ட கிருபையால நடமாடிக்கொண்டு இருக்கிறம், நீயும் என்ட பேத்தி நுஸ்ரியாவும் அந்தக் குளிருக்குள்ள நேரத்துக்குச் சாப்பிட்டு நல்ல சுகமா இருக்கோணும் எண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கிறன். வாப்பாக்கு பிரஷர் முந்தின அளவுக்கு இல்ல, ஆனா உப்பை விடச் சொன்னா கேக்கிறாரில்ல, விடிஞ்சா கருவாட்டு வாடிக்குப் போற மனிசனுக்கு உப்பை எப்பிடி விடச் சொல்லுறது. சோளகக் காத்துத் தொடங்கிட்டுது, கொடியில உடுப்புக் காயப் போட ஏலாது, எல்லாம் மண். சிலாவத்துறைக் காணிக்கு இந்த முறை வேலி அடைச்சாச்சு. பக்கத்து வீட்டு நிப்ராஸ் ஞாயிற்றுக்கிழமை மெல்பனுக்கு வாறான், இந்தக் கடிதத்தை அவன் கையில குடுத்து விடுறன். போனில சொல்ல ஏலாத ஒரு விசயம் இருக்கு மகன், இருந்து ஆறுதலா வாசி.

போன வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்து, கராஜுக்குள்ள கட்டுற பிளேன் வேலையைத் திரும்பத் தொடங்கிட்டன் உம்மா எண்டு சொன்னாய். எட்டு மாசத்துக்குப் பிறகு உன்ட குரல்ல கொஞ்சம் தெம்பு இருந்திச்சு, வாப்பா பக்கத்தில இருந்து கேட்டுச் சிரிச்சார். வால் துண்டின்ட பின்பக்கத்தை மூடிட்டன், பிளேன் கிளப்பில இருந்து வந்த ஆள் வெளியால தடவிப் பாத்து நல்லா வந்திருக்கு எண்டார், இனி ரெண்டு பக்கச் செட்டை வேலைதான், எல்லாம் முடிஞ்சு பறக்கிற நாளில நுஸ்ரியாவையும் ஏத்துவன் எண்டாய். மூட முதல் உள்ளுக்குப் பாத்தியா மகன் எண்டு நான் கேட்டன். "இல்ல உம்மா, அதுக்குள்ள பாக்க மனசு வரல்ல, கடைசியா நீங்களும் பர்ஸானாவும் இருந்து செஞ்சது, அப்பிடியே மூடிட்டன்" எண்டாய். நான் ஓம் எண்டு சொல்லிப் போனை வாப்பாட கையில குடுத்திட்டுக் குசினிக்குப் போயிட்டன். அந்த ஓம் நான் சொல்லியிருக்கக் கூடாது. அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்ல.

போன வருசம் நான் அங்க வந்தது மருமகள் பர்ஸானாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்கவும் பிள்ளையைப் பாக்கவும்தான், தகடும் அதைச் சேத்து அடிக்கிற ரிவெட் ஆணியும் என்ட கைக்கு வரும் எண்டு நான் நினைக்கவே இல்ல. அவ நோய் வர முந்தி உன்னோட நிண்டு அந்தக் கனமான இரும்புக் கட்டையைப் பின்பக்கத்தால பிடிச்சுக்கொண்டிருந்தவ, நீ முன்பக்கத்தால மெசினால அடிப்பாய். கைக்கு ஊசி ஏத்தி ஏத்தி விரல் மரத்துப் போய் அவவால அந்தக் கட்டையைத் தூக்க ஏலாமல் போச்சு. நீயும் வேலையை நிப்பாட்டிட்டாய். அப்பதான் அவ எனக்கிட்ட, அவர் இதையும் விட்டா எந்த நேரமும் என்ட முகத்தையே பாத்துக்கொண்டு இருப்பார் மாமி, அதை என்னால தாங்க ஏலாது, நீங்க பழகுங்க எண்டு சொன்னா. புத்தளத்தில அகதியா இருந்த காலமெல்லாம் தையல் மெசினில துணி பிடிச்ச கை மாமிக்கு, நடுங்காது எண்டா. உனக்குத் தெரியாது, நீ வேலைக்குப் போன பிறகு கராஜுக்குள்ள கதிரை போட்டுப் போர்வையைச் சுத்திக்கொண்டு இருந்து அவ எனக்குச் சொல்லித் தந்தா. முதல்ல வெறும் துண்டுத் தகட்டில துளை போட்டு, துளையின்ட ஓரத்துப் பிசிறை வழிச்சு எடுக்கிறது, பிசிறு கிடந்தா தகடு ரெண்டும் ஒட்டாது எண்டு விரலால தடவிப் பாக்கச் சொல்லுவா. பிறகு கட்டையைப் பிடிக்கிறது, அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது, நேராப் பிடிக்கோணும், அடி விழேக்க ரிவெட்டின்ட வால் சப்பளிஞ்சு சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமா வரோணும். சாஞ்சு வந்தால் அது பிழை, துளைச்சு எடுத்துப் புதுசு போடோணும். எனக்கு எத்தினையோ பிழைச்சுது, அவ சிரிப்பா. அந்தச் சிரிப்பைப் பாக்கிறதுக்காகவே நான் ரெண்டு மூண்டைப் பிழையாப் பிடிச்சிருக்கிறன், அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இப்ப அந்த நாளைச் சொல்லுறன். ஆவணி மாசக் கடைசியில ஒரு சனிக்கிழமை, நீயும் நானும் வால் துண்டில நிண்டம், என்ட கை முழங்கை வரைக்கும் உள்ளுக்குள்ள, பர்ஸானா ரோச் லைட் அடிச்சுக்கொண்டு கதிரையில இருந்தா. ஆஸ்பத்திரியில இருந்து உனக்குப் போன் வந்திச்சு, நீ வெளிய போய்க் கதைச்சிட்டு வந்தாய். வந்து, இந்த வரிசையை முடிப்பம் உம்மா எண்டு மட்டும் சொன்னாய். நான் உன்ட முகத்தைப் பாத்திட்டன் மகன். பெத்தவளுக்கு வேற ஆரும் சொல்லத் தேவையில்ல, இனி அவவுக்கு மருந்து கேக்காது எண்டு எனக்கு விளங்கிட்டுது. நீ அடிக்கத் தொடங்கினாய், என்ட கை நடுங்கிக் கட்டை வழுக்கிச்சு, ஒண்டு சாஞ்சுது, அடுத்ததும் சாஞ்சுது, மூண்டாவதும் சாஞ்சுது. நீ சரியா உம்மா எண்டு கேட்டாய். நான் சரி மகன் எண்டு சொன்னன். அந்த நேரம் பிழை எண்டு சொல்லி உன்னை இன்னும் அந்த இடத்தில நிப்பாட்ட எனக்கு வாய் வரல்ல. பர்ஸானா ரோச் வெளிச்சத்தில அதைக் கண்டவ, என்னைப் பாத்தா, உன்னைப் பாத்தா, வெளிச்சத்தை நூத்திட்டா.

நீ மருந்து எடுக்க வெளிக்கிட்ட பிறகு நான் அழுதன். நான் சொல்லிடுறன் பிள்ளை எண்டன். "இண்டைக்கு வேணாம் மாமி, அவர் கொஞ்சம் ஆறட்டும், நானே சொல்றன்" எண்டா. அதுக்குப் பிறகு நாலு நாள்தான், அவவை அட்மிட் பண்ணினது, திரும்பி வீட்டுக்கு வரவேயில்ல. ஜனாஸா, மையவாடியில அடக்கம், யாசீன் ஓதல் எண்டு அந்த நாளெல்லாம் எப்பிடிப் போனது எண்டு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. விசா முடிஞ்சு நான் வந்திட்டன். நீ அந்தத் துண்டைச் சீலையால மூடிப்போட்டுத் தொடுறதேயில்ல எண்டு கேட்டு, இனி அது அப்பிடியே கிடக்கும் எண்டு நினைச்சு வாயை மூடிக்கொண்டு இருந்தன். அது அவ என்னை நம்பித் தந்த அமானிதம் மகன், அவவால சொல்ல ஏலாமல் போனதை நான்தான் சொல்லியிருக்கோணும்.

திங்கட்கிழமை நான் டவுனுக்குப் போய், தகடு அடிச்சுப் பஸ்சுக்குப் பொடி கட்டுற தோமஸைக் கண்டன், உனக்கு அவரைத் தெரியும், வாப்பாட பழைய கூட்டாளி. மகன் செய்யிற வேலையில ஒரு சந்தேகம் எண்டு சொல்லிக் கேட்டன். அவர் ரெண்டு தகட்டுத் துண்டை எடுத்து வேணுமெண்டே சாய்ச்சு அடிச்சு என்ட கையில தந்து முறுக்கிப் பாக்கச் சொன்னார். நான் பெரிசாப் பலம் குடுக்கல்ல, தகடு ரெண்டும் வாயைத் திறந்த மாதிரி விலகிச்சு. பஸ் எண்டால் சத்தம் கேக்கும், நிப்பாட்டி மாத்தலாம் அக்கா, மேல போறதைப் பத்தி நான் ஒண்டும் சொல்லமாட்டன், ஆனா ஒண்டு இறுகிப் பிடிக்காட்டிப் பக்கத்தில உள்ளதுதான் அந்தப் பாரத்தையும் தாங்கோணும், பிறகு அதுவும் விட்டுடும் எண்டார். எனக்கு நுஸ்ரியாட முகம்தான் வந்திச்சு. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து வாப்பாக்கு எல்லாத்தையும் சொன்னன். அவர் தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்து என்ட முன்னுக்கு வைச்சார். பிறகு, எழுது, போனில சொன்னா நீ அழுவாய், அவன் ஒண்டுமில்ல உம்மா எண்டு சொல்லி வைச்சிடுவான், எழுதினதெண்டால் அவன்ட கையில இருக்கும் எண்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல்ல, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

அதனால மகன், நீ மூடினதைத் திறக்கோணும். எத்தினை நாள் வேலை வீணாப் போகும் எண்டு எனக்குத் தெரியும், பின்பக்கத்து ரிவெட் எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் துளைச்சு எடுக்கோணும், அதையும் அவதான் எனக்குச் சொல்லித் தந்தவ. மேலயிருந்து ரெண்டாவது குறுக்குச் சட்டத்தில, முன் ஓரத்துக்குக் கிட்ட, இடப்பக்கத்தில இருக்கு. தேட வேண்டி வராது. நீ மருந்துக்குப் போன அண்டு பர்ஸானா கதிரையை இழுத்துப் போட்டு, கையை உள்ளுக்கு விட்டு, நீல மார்க்கரால மூண்டையும் வட்டம் போட்டு வைச்சிருக்கிறா. பக்கத்தில எழுதியும் இருக்கிறா, விரல் மரத்த கையால எழுதினது, கோணல்மாணலாத்தான் இருக்கும். "இந்த மூண்டும் மாத்தணும். மாமிய ஏசாதீங்க." நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். இதை உனக்கு முன்னுக்கே சொல்லாட்டி, நீ தனிய அந்தக் கராஜுக்குள்ள நிண்டு ரோச் அடிக்கேக்க அவட எழுத்தைச் சடாரெண்டு கண்டு என்ன பாடு படுவாய் எண்டுதான் எனக்குப் பயம். அதனால திறக்கிற அண்டைக்கு உன்ட கிளப் ஆளையோ ஆரையோ கூட வைச்சுக்கொள். அந்த எழுத்தை அழிக்கிறதோ விடுறதோ உன்ட விருப்பம், பிள்ளைக்குக் காட்டுறதும் உன்ட விருப்பம்.

அல்லாஹ் உன்ட கைக்கும் கண்ணுக்கும் பலத்தைத் தரட்டும், பர்ஸானா உறங்குற கப்றை வெளிச்சமாக்கி வைக்கட்டும், தாயில்லாத என்ட பேத்திக்கு உன்னை நீண்ட ஆயுளோட வைச்சிருக்கட்டும். அந்த மெசின் அடிக்கேக்க காதுக்கு மூடி போட மறக்காத, நுஸ்ரியாட தலைக்கு நல்லெண்ணெய் போத்தல் ஒண்டு நிப்ராஸிட்டக் குடுத்து விட்டிருக்கிறன். மூண்டையும் மாத்தின பிறகு எனக்குப் போன் எடு. அவ எழுதி வைச்சிட்டா எண்டதுக்காக நீ மனசுக்குள்ள அடக்கிக்கொண்டு இருக்க வேணாம் மகன், ஏசோணும் எண்டால் ஏசு, நான் போனை வாப்பாட கையில குடுக்கமாட்டன்.

உன்ட உம்மா,
தா. கைருன்னிசா.