பன்னிரண்டில் ஒரு கட்டு

ஹைதராபாத்
ஞாயிறு காலை

நாஸ்னீனின் அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாம் நலம், என் பொறுமையைத் தவிர. போனில் பேசினால் உங்கள் மகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் நாளை ஜெத்தாவுக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு ஆரிஃபா ஆபாவின் கணவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு விஷயம் சொன்னீர்கள். கம்பெனி இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறது, யோசிக்கிறேன் என்றீர்கள். அதே மூச்சில், "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குப் பதிமூணு எழுத வரலைன்னா வீட்ல நீ என்னதான் பண்றே?" என்றும் கேட்டீர்கள். முதல் விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்கிறேன்.

வளையலுக்குக் கல் ஒட்டுகிறேன், கிச்சடி வைக்கிறேன், நடுவில் உங்கள் மகளோடு மல்லுக்கட்டுகிறேன். டீச்சர் சொன்ன முறை இதுதான். குச்சிகளை எண்ணிக் கட்டுப் போட வேண்டும். கட்டு எத்தனையோ அதை முதலில் எழுதி, மிச்சத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். பதின்மூன்று குச்சி வைத்தேன். வாயால் அழகாகப் பதின்மூன்று வரை எண்ணினாள். எழுதியதோ 11. பதினான்கு வைத்தால் 12. நான்கு நாளாக இதே கூத்து. நேற்று கை நீண்டுவிட்டது. உங்கள் மேலிருந்த கோபத்தை அவள் கன்னத்தில் இறக்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் தேம்பிக்கொண்டே, "நீங்களே பாருங்க அம்மி. கட்டு ஒண்ணு, மிச்சம் ஒண்ணு. சரியாத்தானே எழுதியிருக்கேன்?" என்றாள். கட்டைப் பிரித்து எண்ணினேன். பன்னிரண்டு குச்சி! டஜன் போட்டு வைத்திருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் கட்டிப் பழகிய கை அல்லவா? டீச்சர் பத்தில் கட்டச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னாங்க. பாவம், அவங்களுக்குக் கட்டத் தெரியாது" என்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பத்து, கடைக்குப் பன்னிரண்டு என்றேன். அவ்வளவுதான், உடனே பிடித்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய சரத்தை எடுத்து வந்தாள். நீங்கள் வரும் தேதியைச் சொன்ன அன்று, நாளுக்கு ஒன்றாக விரிசல் வளையல்களைக் கோத்து அவள் மாட்டிய சரம் அது. தினமும் எழுந்ததும் ஒன்றைக் கழற்றுவாள். அதைப் பிரித்துப் பத்தை ஒரு கட்டாகக் கட்டினாள். மிச்சம் ஐந்து. சிலேட்டில் 15 என்று தப்பில்லாமல் எழுதினாள். "அப்பா வர்றதுக்குப் பதினஞ்சு நாள். எனக்குக் கணக்கு வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க அம்மி" என்றாள்.

கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்திருக்க வேண்டும். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அடித்ததற்காக அப்புறம் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் மன்னித்துவிட்டாள், அவளுக்கு அதெல்லாம் சுலபம்.

இன்று காலை இன்னொன்றைக் கழற்றிவிட்டாள். ஒரு கட்டும் நான்கும் இருக்கிறது. அதில் ஒரு வளையலைக்கூடத் திரும்பக் கோக்க என்னால் முடியாது. கோக்கத்தான் வேண்டுமென்றால் நீங்களே வந்து அவள் முன்னால் உட்கார்ந்து கோத்துக்கொள்ளுங்கள்.

அவள் கணக்குத் தப்பாமல் அல்லாஹ் உங்களை வீடு சேர்க்கட்டும்.

ஷாஹேதா