எந்த ரங்கநாயகி?

என் பெயர்க்காரிக்கு,

நேற்று மன்னார்புரத்தில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கிராம்புத் தைல வாசனை மூக்கை அடைக்கும் சின்ன அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் பெண் எட்டிப் பார்த்து "எஸ். ரங்கநாயகி" என்று கூப்பிட்டாள். நான் எழுந்திருக்காமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். நாம் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால், உனக்கா எனக்கா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டு அப்புறம்தானே எழுந்திருப்போம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை பார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். நர்ஸ் இன்னொரு தரம் கூப்பிட்டாள். நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது, இனி அந்தப் பெயருக்கு நான் மட்டும்தான் எழுந்திருக்க வேண்டும்.

எண்பத்தெட்டில் தில்லைநகர் மாடியில் இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர். ஏ.சி. அவற்றுக்குத்தான், நமக்கில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உன் அப்பா செல்வராஜ், மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் பாய்லர் பார்த்தவர். என் அப்பா ஸ்ரீநிவாசன், ஸ்ரீரங்கத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க். ஆக இரண்டு பேருமே எஸ். ரங்கநாயகி. எங்கள் தெருவில் நின்று "ரங்கா" என்று குரல் கொடுத்தால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். சென்டர் முதலாளி சார் நம்மை ஊர்ப் பெயர் சேர்த்தே கூப்பிடுவார். மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம் என்று அவர் கத்தும்போதெல்லாம், "மனுஷன் போன ஜென்மத்துல கண்டக்டர்டி" என்பாய்.

அப்போதுதான் சார் சி ப்ளஸ் ப்ளஸ் என்ற புது மொழியை எங்கிருந்தோ பிளாப்பியில் வாங்கிக்கொண்டு வந்து, நீங்களே படித்து நீங்களே நடத்துங்கள் என்று நம் தலையில் கட்டினார். அதில் மெத்தட் என்ற இடம் வந்ததும் வகுப்பே முழித்தது. எனக்கே புரியவில்லை என்பதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ ஒரு நோட்டுப் போட்டு, பிள்ளைகள் கேட்கிற சந்தேகத்தை எல்லாம் ஒன்று விடாமல் எழுதி, பக்கத்தில் பதிலும் எழுத ஆரம்பித்தாய்.

மெத்தடும் ஃபங்ஷனும் ஒன்றுதானே என்பது முதல் சந்தேகம். உன் பதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: "ஃபங்ஷன்னா தெருவுல நின்னு, யாராச்சும் தண்ணி கொடுங்கன்னு கேக்குறது. மெத்தட்னா ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டுக்காரங்ககிட்ட கேக்குறது. அந்த வீட்டுப் பானையில இருக்கிற தண்ணிதான் வரும்."

மெத்தட் எழுதிவிட்டேன், ஏன் ஓடவில்லை என்று தினம் ஒருவன் வருவான். எழுதினது சரி, அதைக் கூப்பிட்டாயா என்று கேட்பாய். அசடு வழியப் போவான். ஒரே பெயரில் இரண்டு மெத்தட் இருந்தால் கம்ப்யூட்டர் எதை எடுக்கும் என்று ஒருத்தி கேட்டபோது, வகுப்பே நம் இருவரையும் பார்த்துச் சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு, கையில் என்ன கொடுக்கிறாய் என்பதைப் பார்த்து அதற்குப் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும் என்றாய். "ரெண்டுல எதுன்னு தீரலைன்னா மெஷின் குத்துமதிப்பா ஒண்ணை எடுக்காது. எந்த ரங்கநாயகின்னு கேட்டு அங்கேயே நின்னுடும். மனுஷங்கதான் நிக்க மாட்டோம்."

உன் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அதனால் பிள்ளைகளுக்குப் பிரதி போட ஸ்டென்சிலில் நான்தான் எழுதினேன். என் பங்கு அவ்வளவுதான். ஒரு கமா கூட என்னுடையது இல்லை. கடைசியில் தயாரித்தவர் பெயர் போட வேண்டிய இடத்தில், இரண்டு தரம் எழுதுவானேன், ஒரு பெயர் போட்டாலே இரண்டு பேருக்கும் ஆயிற்று என்று நீதான் கேலி செய்தாய். நானும் சிரித்துக்கொண்டே "எஸ். ரங்கநாயகி" என்று ஒரு தரம் எழுதினேன்.

அந்த வருஷம் உனக்கு எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியாதா? உன் தாய்மாமாவுக்கு உன்னைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேச்சு. சென்டர் வேலையை உங்கள் வீட்டில் யாரும் வேலையாகவே மதிக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னாய். "தைக்குள்ள நல்ல வேலை ஒண்ணு கிடைச்சா கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம்னு அப்பா சொல்லியிருக்கார்டி. இல்லேன்னா கழுத்தை நீட்ட வேண்டியதுதான்." உனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்று நான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன், அதை நம்பு.

ஐப்பசியில் சாரைப் பார்க்க வந்த மெட்ராஸ் கம்பெனிக்காரர் ஒருவர் நம் தாள்களில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனார். கார்த்திகையில் கடிதம் வந்தது. உன் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை என்று நீ லீவில் இருந்த வாரம். உறையில் எஸ். ரங்கநாயகி. சார் ஏதோ அவசரத்தில் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிரித்தேன். இந்தக் கேள்வி பதிலைத் தயாரித்தவர் திங்கட்கிழமை நேரில் வரவும், எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க இப்படி ஒருவர்தான் வேண்டும் என்று எழுதியிருந்தது.

மண்ணச்சநல்லூருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். மூன்று நாள் இருந்தது. நான் ஏறவில்லை. எனக்குக் கல்யாண நெருக்கடி எதுவும் இல்லை, வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆசைதான், வேறென்ன சொல்ல. அந்தத் தாளில் இருப்பது என் பெயரும்தானே, என் கையெழுத்துத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன்.

அங்கே அந்த மனிதர் தாளைத் தூக்கிக் காட்டி, இதெல்லாம் நீங்கள் எழுதியதுதானே என்றார். "ஆமாம் சார்" என்றேன். அந்தப் பானைத் தண்ணீர் விளக்கம் எப்படித் தோன்றியது என்று கேட்டார். எங்கள் தெருவில் தண்ணீர்க் கஷ்டம் சார் என்றேன். கஷ்டமாம் கஷ்டம்! ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். தெருக் குழாய் வறண்டு வீடு வீடாகக் குடத்தோடு நின்றவள் நீ. வேலையை மட்டுமா எடுத்தேன், உன் குடத்தையும் சேர்த்துத்தான்.

நீ திரும்பி வந்த அன்று, நம் தாளை எடுத்துப் போன மெட்ராஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததைச் சொன்னேன். நீ கேட்டது ஒன்றுதான்.

"எந்த ரங்கநாயகின்னு அவங்க கேக்கலையா?"

"கேக்கலை" என்றேன். அது பொய் இல்லை, அதுதான் கொடுமை. நீ சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாய். தையில் உனக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை என்று கார்டு போட்டேன். லீவு கேட்கவே இல்லை.

உன் மாமா கெட்டவர் இல்லை என்று கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டர் பக்கம் நீ மறுபடி போகவே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். சில வருஷம் கழித்து அதே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு எதிரே வந்தாய். ஓடி ஒளிய இடமில்லாமல் நின்றேன். நீயாகத்தான் பேசினாய். பிள்ளைகள் இப்போதும் அதே சந்தேகம்தான் கேட்கிறார்களா என்றாய். ஆமாம் என்றேன். "பதிலும் அதேதானா?" என்று கேட்டுச் சிரித்தாய். குத்தலா, கேலியா, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாயா என்று இன்றுவரை பிடிபடவில்லை. உன் பஸ் வந்துவிட்டது.

பதில் அதேதான், ரங்கநாயகி. ரிடையர் ஆகும்வரை ஒவ்வொரு வகுப்புக்கும் உன் பானையிலிருந்துதான் மொண்டு ஊற்றினேன். கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். மாலை போட்ட படத்தில் உனக்கு நரை முழுசாக ஏறியிருந்தது. உன் பெண் காபி கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மூக்கும் பேச்சும் அப்படியே நீதான்.

"அம்மா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்வாங்க ஆன்ட்டி. அப்பவே மெட்ராஸ் கம்பெனியிலேருந்து ரங்கநாயகியைத் தேடி லெட்டர் வந்துச்சு, அவ்வளவு நல்லா எழுதியிருந்தாள்னு. அதெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

கடிதம் வந்ததுவரை உனக்கு முழுசாகத் தெரிந்திருக்கிறது. பெற்ற பெண்ணிடம் கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. சொன்ன வாக்கியத்தில் ஒரு எழுத்துத் தப்பில்லை, எந்த ரங்கநாயகி என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா எழுதினதுதாம்மா என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அம்மாவை அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

மெட்ராஸில் சொன்னதற்காவது ஒரு வேலையைச் சாக்காகச் சொல்வேன். இதற்கு என்ன சாக்குச் சொல்ல, நீயே சொல்.